கச்சான் காற்று உதிர்த்ததைப் பொறுக்கி: பிள்ளைகளோடு செய்யும் இலைக் கைவேலைகள்

ரொறன்ரோவில் வசிக்கும் என் அக்கா ஒவ்வோர் ஒக்டோபரிலும் மேப்பிள் இலைகளைப் படம் பிடித்து அனுப்புவார். சிவப்பு, செம்மஞ்சள், தவிட்டு நிறம் என்று முற்றம் முழுக்க இறைந்து கிடக்கும். அவருடைய பிள்ளைகள் அவற்றைத் தாளில் ஒட்டி முள்ளம்பன்றி, ஆந்தை, நரி என்று ஏதாவது செய்திருப்பார்கள். அந்தப் படங்களைப் பார்த்த என் மகன், அப்போது அவனுக்கு ஆறு வயது, "எங்களுக்கு ஏன் இலையுதிர் காலம் இல்லை?" என்று கேட்டான். நான் பூமியின் சாய்வு, சூரியன் என்று பெரிதாக விளக்கத் தொடங்கினேன். முற்றத்தில் ஈர்க்குமாற்றுடன் நின்ற என் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "இல்லையா? அப்படியென்றால் நான் காலையும் மாலையும் கூட்டி அள்ளுவது என்ன?"

அம்மா கேட்டது நியாயம். திருகோணமலையில் இலை உதிர்வது குளிரினால் அல்ல, வறட்சியினால். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்குப் பக்கம் இறங்கும்போது சூடாகவும் வறண்டும் வருகிறது. அதைத்தான் நாங்கள் கச்சான் காற்று என்கிறோம். (கோயில் வாசலில் வறுத்து விற்கும் கச்சானுக்கும் அதே பெயர் ஏன் என்று என் மகள் வருடம் தவறாமல் கேட்பாள். வருடம் தவறாமல் நானும் வேறொரு பதில் சொல்வேன்.) அந்தக் காற்று வீசும் மாதங்களில் ஈரத்தைக் காத்துக்கொள்ளப் பல மரங்கள் இலையைக் கழற்றிவிடுகின்றன. உதிர்ந்ததை வைத்துப் பிள்ளைகளோடு என்ன செய்யலாம் என்பதைத்தான், இதில் கைவைத்தே பழகாதவர்களுக்காக எழுதுகிறேன்.

எப்போது பொறுக்குவது

ஆவணி நடுப்பகுதியிலிருந்து புரட்டாசி முடியும் வரையான ஆறேழு வாரங்கள்தான் நல்ல காலம். சருகுகள் நன்றாகக் காய்ந்திருக்கும், பனம்பழம் விழத் தொடங்கியிருக்கும், வாடை மழை இன்னும் வந்திருக்காது. எங்கள் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் பெய்கிறது. ஐப்பசி மழை ஒருமுறை பிடித்துவிட்டால் நீங்கள் பொறுக்கி வந்தது எல்லாம் மூன்றே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். இன்னொரு வசதியும் உண்டு: ஒக்டோபர் 1 சிறுவர் தினம், அதை ஒட்டி நவராத்திரியும் பாடசாலை வாணி விழாவும் வரும். பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிட ஓரிடம் தயாராக இருக்கும்.

இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளை அப்படியே பின்பற்றப் பார்க்காதீர்கள். அவை மேப்பிள் இலை, பைன் கூம்பு, ஓக் மரத்துக் கொட்டை கேட்கும். நான் முதல் வருடம் பைன் கூம்புக்காகக் கடை கடையாக விசாரித்தேன் என்பதை இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மேப்பிளுக்குப் பதிலாக வாதுமை இலை. உதிரும் முன் அது பிடிக்கும் சிவப்புக்கு மேப்பிள் நாணவேண்டும். பைன் கூம்புக்குப் பதில் கடற்கரைச் சவுக்கங்காய். ஓக் கொட்டைக்குப் பதில் தென்னையிலிருந்து பிஞ்சிலேயே உதிரும் குரும்பட்டி. இந்த மூன்றும் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எங்கே போவது

முதல் நாள் உங்கள் ஒழுங்கையைத் தாண்ட வேண்டாம். வாதுமை மரம் கடலோர ஊர்களில் எங்காவது ஒரு மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்காமல் இருக்காது. அதன் கீழே சிவந்த இலையும், பிள்ளைகள் கல்லால் குத்தித் தின்றுவிட்டுப் போட்ட வாதாங்கொட்டைக் கோதும் கிடக்கும். உவர்மலைப் பக்கம் மாலையில் ஒரு நடை போனால் ஒரு பை நிறையும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் போகிறவர்கள் சவுக்கங்காய்க்கும் பனங்கொட்டைக்கும் தனித்தனிப் பை கொண்டு போகலாம்.

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள், ஆல் நிழலில் பொறுக்குவது தனி இன்பம். ஆனால் அங்கே பையைக் கீழே வைக்காதீர்கள். நாங்கள் ஒருமுறை வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றோம். திரும்பினால் ஒரு புள்ளிமான் தலையைப் பைக்குள் விட்டு ஒரு மணி நேரச் சேகரிப்பை அமைதியாக மென்றுகொண்டிருந்தது. மகன் அழுதான், மகள் இன்னும் கொஞ்சம் ஊட்டலாமா என்று கேட்டாள். இலை போனால் போகட்டும், பொலித்தீன் பையை மான் விழுங்கினால் அதற்கு ஆபத்து. அன்றிலிருந்து துணிப்பை மட்டும், அதுவும் தோளில்.

நிலாவெளிக்கு எதிரே கடலிலிருக்கும் புறாத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து சிப்பியோ பவளத்துண்டோ எதையும் எடுத்து வரக்கூடாது. மற்றக் கடற்கரைகளிலும் பவளத்தை விட்டுவிடுங்கள். வெறும் சங்கு என்று நாம் எடுப்பதன் உள்ளே துறவி நண்டு குடியிருக்கலாம். ஒரு நிமிடம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

தொடக்கூடாதவை

இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். சிவப்பும் கறுப்புமான குன்றிமணி பார்க்க அழகு. மெல்லப்பட்டால் உயிருக்கே உலை வைக்கும் நஞ்சு. ஊசியால் துளைத்து மாலை கோர்ப்பதும் வேண்டாம். அதன் இடத்தில் முழுச் சிவப்பான மஞ்சாடி விதையைப் பயன்படுத்தலாம், அதையும் வாயில் போடும் வயதுப் பிள்ளைகளிடம் கொடுக்கவேண்டாம். மஞ்சள் அலரியின் விதை இதயத்தை நிறுத்தக்கூடியது என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த துயரம். அந்தச் செடியின் எதையும் எடுக்காதீர்கள். ஊமத்தங்காயும் அப்படியே. எருக்கலம் பஞ்சு பறக்கவிட நன்றாக இருக்கும், ஆனால் தண்டை ஒடித்தால் வரும் பால் கண்ணில் படக்கூடாது. களப்போரம் கண்டல் மரங்களுக்கிடையே தில்லை மரம் நிற்கும். அதன் பால் பட்டால் கண் பார்வைக்கே கேடு. தில்லையை அடையாளம் தெரியாவிட்டால் கண்டல் பக்கமே பொறுக்கப் போகவேண்டாம்.

சருகுக் குவியலில் கையை விடும் முன் ஒரு தடியால் கிளறவேண்டும். தேள், பூரான், சில வேளை பாம்பு. இதை ஒரு சடங்கு போலப் பழக்கிவிடுங்கள்: தடி முதலில், கை பிறகு. ஆள் நடமாட்டமில்லாத பற்றைக் காணிகளுக்குள் பிள்ளைகளை விடாதீர்கள்; இனந்தெரியாத இரும்புப் பொருள் எதையாவது கண்டால் தொடாமல் திரும்பி வந்து பொலிஸுக்குச் சொல்லவேண்டும். இந்த மண்ணில் வளரும் பிள்ளைக்கு இதையும் சேர்த்துத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

உலர்த்துவது

முதல் வருடம் நாங்கள் கெடுத்தது இதைத்தான். வந்த உடனேயே ஒட்டத் தொடங்கினோம். மறுநாள் காலையில் இலைகள் எல்லாம் சுருண்டு, ஒட்டிய தாளையும் இழுத்துக்கொண்டு எழுந்து நின்றன.

வாதுமை இலை தடிப்பானது. ஈரத்துணியால் மண்ணைத் துடைத்து, பழைய பத்திரிகைத் தாள்களுக்கிடையே ஒன்றையொன்று தொடாமல் அடுக்குங்கள். மேலே ஒரு பலகை, பலகைக்கு மேல் அரிசி மூட்டை. முதல் நான்கு நாளும் தினமும் தாளை மாற்றவேண்டும். தாள் குடித்த ஈரத்தை அப்படியே விட்டால் இலை கறுத்துவிடும். பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை போதும். பத்து நாளில் இலை தட்டையாகிச் சற்று விறைப்பாக வரும். தாள் மாற்றும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். நேற்றுப் பார்த்த இலை இன்று எப்படி மாறியிருக்கிறது என்று அவர்கள் பார்ப்பதை நீங்கள் பார்க்கவேண்டும்.

பச்சை எங்கே போனது என்று கேட்பார்கள். மரம் இலையை உதிர்க்கும் முன் பச்சையத்தை உடைத்து, அதிலுள்ள சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அதுவரை பச்சைக்குள் ஒளிந்திருந்த மஞ்சள் தெரியத் தொடங்கும், சில மரங்களில் சிவப்பும் புதிதாக ஊறும். மேப்பிளிலும் வாதுமையிலும் நடப்பது ஏறத்தாழ ஒன்றுதான். காய்ந்த பின் அந்தச் சிவப்பு நாளடைவில் மங்கித் தவிட்டு நிறமாகும். பைண்டர் கம் என்னும் வெள்ளைப் பசையைச் சம அளவு தண்ணீரில் கரைத்து இருபுறமும் மெல்லப் பூசினால் இன்னும் சில வாரம் தாக்குப்பிடிக்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதற்குச் சிறு பிள்ளைகளுக்கு மாப்பசை போதும். இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவை ஒரு கோப்பை தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, இளஞ்சூட்டில் கிளறினால் கண்ணாடி போல வரும். இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள், கரப்பான் பூச்சிக்கு விருந்தாகிவிடும்.

இலை முடி

பசை இல்லை, கத்தரிக்கோல் இல்லை. தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல வேலை தெரியாது. அன்று விழுந்த, இன்னும் வளைந்து கொடுக்கும் வாதுமை இலைகள் பத்துப் பன்னிரண்டு எடுங்கள். காய்ந்துவிட்டால் ஈரத்துணியில் ஒரு மணி நேரம் சுற்றி வைத்தால் மீண்டும் இளகும். ஒவ்வோர் இலையின் காம்பையும் கிள்ளி எடுத்துத் தனியே வையுங்கள். ஓர் இலையின் ஓரத்தின் மேல் அடுத்த இலையை மூன்று விரல் அகலத்துக்கு ஏற்றி வைத்து, காம்பையே ஊசியாக்கி, உள்ளே ஒரு குத்து, வெளியே ஒரு குத்து. காம்பு ஒடிந்தால் ஈர்க்கு. சோற்று இலை தைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தலையைச் சுற்றி அளந்து, முதல் இலையையும் கடைசி இலையையும் இணைத்தால் முடி தயார். நெற்றிப் பக்கம் ஓர் இலையை நிமிர்த்திக் குத்தினால் ராசா. இரண்டு குத்தினால் என் மகளின் கணக்கில் முயல்.

இந்த இடத்தில் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. தையல் கோணலாகப் போகிறது என்று பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கித் திருத்தாதீர்கள். நான் திருத்தியிருக்கிறேன். திருத்திய முடி அழகாகத்தான் இருந்தது, மகன் அதை ஒரு தரம்கூடத் தலையில் வைக்கவில்லை.

மூன்று நான்கு வயதுக் குழந்தைக்குத் தையல் வராது. அவர்களுக்கு இலையின் நரம்புப் பக்கத்தை மேலே பார்க்க வைத்து, மெல்லிய தாளை அதன்மேல் பிடித்து, மெழுகு வர்ணக்குச்சியைப் படுக்கவைத்துத் தேய்க்கக் கொடுங்கள். அரச இலையின் வால் தாளில் எழும்பி வரும்போது ஒரு சத்தம் போடுவார்கள். அது போதும்.

குரும்பட்டி வண்டி

நம் பாட்டன்மார் தேரே கட்டினார்கள். நாம் வண்டியோடு தொடங்கலாம்.

1. விழுந்து ஓரிரு நாளான குரும்பட்டியாகப் பாருங்கள். நாள்பட்டுக் காய்ந்தது கல்லாகிவிடும், ஈர்க்குத்தான் ஒடியும். ஒரே பருமனில் நான்கு வேண்டும். ஒன்று பெரிதானாலும் வண்டி சாராயம் குடித்தவர் போலப் போகும்.
2. மேலேயுள்ள தொப்பியைக் கழற்றுங்கள். நடுவில் ஆணியால் துளை போடுங்கள். ஆணி வேலை பெரியவருடையது.
3. ஈர்க்கின் அடிப்பக்கத் தடித்த துண்டுகள் இரண்டு, ஒரு சாண் நீளத்தில். இவை அச்சு.
4. உடலுக்கு வாழைத்தடல் துண்டு. ஓர் அடி நீளம் வேண்டாம், ஒரு கை அகலம் போதும். அதன் இரு பக்கச் சுவர்களிலும் ஆணியால் சற்றுப் பெரிய துளைகள் போட்டு அச்சைச் செருகுங்கள்.
5. சில்லு அச்சில் இறுக்கமாக இருக்கவேண்டும், அச்சு தடலுக்குள் தளர்வாக இருக்கவேண்டும். இது மாறினால் வண்டி இழுபடும், உருளாது. எல்லோரும் தவறுவது இங்கேதான்.
6. முன்னால் நூல் கட்டி இழுக்கலாம்.

தடல் இரண்டு நாளில் வாடிவிடும். வாடட்டும், வேறொன்று செய்யலாம். நுங்குக் காலத்தில் கோம்பையைச் சில்லாக்கி ஓட்டியவர்களுக்கு இதெல்லாம் சின்ன விடயம்.

நெற்றுகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. செம்மயிற்கொன்றையின் நீண்ட காய்ந்த நெற்றை ஆட்டினால் கிலுகிலுப்பை, ஓங்கினால் வாள். எப்படியும் வாளாகத்தான் முடியும். வாகை நெற்றுக் கொத்தை யன்னலோரம் கட்டிவிட்டால் கச்சான் அடிக்கும்போதெல்லாம் சலசலக்கும்.

சவுக்கங்காயை இரண்டு நாள் வெயிலில் காயவிட்டால் சிறு வாய்கள் திறந்து விதை கொட்டும். பிறகு நூலில் கட்டித் தோரணமாக்கலாம், இரண்டை ஒட்டி ஆந்தையாக்கலாம். ஆனால் சவுக்கில் பிள்ளைகளுக்கு மிகப் பிடித்தது அதன் 'ஊசி'தான். அது இலையல்ல, கணுக்கணுவாக அமைந்த மெல்லிய கிளை. உண்மையான இலை ஒவ்வொரு கணுவிலும் கண்ணுக்குத் தெரியாத செதிலாக இருக்கிறது. ஒரு கணுவில் மெல்லக் கழற்றி, மீண்டும் அதே இடத்தில் பொருத்தி, "எங்கே உடைந்தது, சொல்லு" என்று கேட்கவேண்டும். எங்கள் வீட்டில் இது ஒரு முழு பஸ் பயணத்துக்குப் போதுமான விளையாட்டு.

அரச இலை வலை

எட்டு வயதுக்கு மேற்பட்ட, பொறுமையுள்ள பிள்ளைக்கு இது. விழுந்த அரச இலைகளில் ஓட்டையில்லாதவற்றைத் தெரிந்தெடுங்கள். விகாரையிலோ கோயிலிலோ நிற்கும் மரமென்றால் கேட்டுவிட்டு, விழுந்ததை மட்டும் எடுக்கவேண்டும். செய்து முடித்ததைக் காலில் படும் இடத்தில் போடவும் கூடாது. இலைகளைத் தண்ணீரில் மூன்று நான்கு வாரம் ஊறவிட்டால் சதை அழுகி நரம்பு மட்டும் மிஞ்சும். தண்ணீரை வாரம் இருமுறை மாற்றுங்கள், பாத்திரத்தை இறுக மூடியே வையுங்கள். மூடாமல் விட்டால் ஒரு வாரத்தில் நுளம்புக் குடம்பி துள்ளும், டெங்குச் சோதனைக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் 'கைவேலை' என்று சொல்லித் தப்பமுடியாது. நாற்றமும் உண்டு, சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள். ஊறிய இலையைத் தட்டில் பரப்பி, பழைய பல்தூரிகையால் குத்திக் குத்தி, தேய்க்காமல், சதையைக் களையவேண்டும். தாளுக்கிடையே காயவைத்தால் சிலந்தி வலையைவிட நுணுக்கமான ஒன்று கையில் இருக்கும். பத்து இலை போட்டால் நான்கு தேறும்.

பனங்கொட்டைப் பொம்மை

கடைசியாகச் சொன்னாலும் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். பனம்பழத்தைப் பிசைந்து களி எடுத்த பின், தும்போடு கொட்டை மிஞ்சும். அந்தத் தும்புதான் பொம்மையின் தலைமயிர். கிணற்றடியில் வைத்து மஞ்சள் போகும் வரை நன்றாகக் கசக்கிக் கழுவுங்கள். சோம்பினால் எறும்பு வரும். நான்கைந்து நாள் வெயிலில் காயவைத்து, பல் உடைந்த பழைய சீப்பால் ஒரு பக்கமாக வாருங்கள். முன்பக்கத்துத் தும்பைக் கத்தரித்து ஒட்ட வெட்டினால் முகத்துக்கு இடம் கிடைக்கும். கரித்துண்டால் கண், செங்கல் தூளைப் பசையில் குழைத்து வாய். மயிரைப் பின்னலாம், குடுமி போடலாம், தாடியாக மாற்றித் தாத்தாவாக்கலாம். ஒரே மரத்துப் பழத்தில் வந்த மூன்று கொட்டையை மகள் அக்கா, தங்கை, தம்பி என்று பிரித்து, கச்சான் கோதுகளைச் செருப்பாகப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தாள்.

சென்ற முறை ஐப்பசி முதல் மழைக்கு முந்தின நாள் அம்மா பனங்கொட்டைகளைப் புதைத்துப் பனங்கிழங்குப் பாத்தி போட்டார். கொட்டை போதவில்லையாம். நாங்கள் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் யன்னல் தட்டிலிருந்த பதினொரு பொம்மைகளையும் கண், வாய், குடுமியோடு மண்ணுக்குள் வைத்துவிட்டார். வீட்டில் அன்று மாலை பெரிய கலவரம். தை மாதம் பாத்தியைக் கிண்டியபோது அவற்றில் ஏழு கிழங்கு விட்டிருந்தன. ஒன்றில் பின்னல்கூட அவிழாமல் இருந்தது. அவித்து, மிளகும் உப்பும் இடித்துப் போட்டு, எல்லோரும் உண்டோம். மகள் மட்டும் தன் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு, அது அக்காவா தங்கையா என்று அம்மம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.